கொலம்பியாக் கடையில் எதைச் சொல்வது: பெரிய தட்டா, சூப்பா, மத்தியானச் சாப்பாடா?

நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸுக்கு மளிகை வாங்க வருகிற தமிழர்கள் பெரும்பாலும் 74வது தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், துவரம்பருப்பு எல்லாம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் 7ஆம் எண் ரயில் தலைக்கு மேல் தடதடக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்குப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் போதும். 82வது தெருவை நெருங்கும்போது கடைப் பலகைகள் ஸ்பானிஷுக்கு மாறியிருக்கும், எண்ணெயில் சோளமாவு பொரிகிற வாசனை வரும். 1960களிலிருந்து கொலம்பியாக்காரர்கள் வந்து குடியேறிய பகுதி இது. தங்கள் தலைநகரமான பொகோட்டாவில் உள்ள சாப்பினேரோ என்ற பகுதியை நினைத்து இந்த வட்டாரத்துக்கே 'சாப்பினேரீத்தோ' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

இங்கே உள்ள சாப்பாட்டுக் கடைகள் ஆடம்பரமானவை அல்ல. பத்துப் பதினைந்து மேசை, சுவரில் கால்பந்து ஓடும் டிவி, வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் மஞ்சளாக எம்பனாதா, அதாவது சோளமாவுக்குள் பூரணம் வைத்துப் பொரித்த சோமாசி மாதிரியான பண்டம். குடும்பம் குடும்பமாக வந்து சத்தமாகப் பேசிச் சாப்பிடுவார்கள். பரிமாறுகிற அம்மா உங்களையும் 'மி அமோர்' (என் அன்பே) என்றுதான் கூப்பிடுவார். நாம் போய் உட்காரக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. திணறல் வருவது படம் போட்ட அந்த நீளமான மெனு அட்டை கைக்கு வந்ததும்தான். முதல்முறை வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் பெரிய படமாகப் போட்டிருக்கும் தட்டைக் கைகாட்டிவிடுகிறார்கள். அதன் பெயர் பந்தேஹா பாய்சா.

முதல் தடவை போகிறவர் அதைச் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. வேலை நாளில் மத்தியானம் போய் அன்றைய சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு என்றால் சூப். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பந்தேஹா பாய்சா மெடெயின் நகரம் இருக்கிற அந்தியோகியா மலைப்பகுதியின் சாப்பாடு. அந்த ஊர்க்காரர்களைத்தான் பாய்சா என்பார்கள். நீள்வட்டத் தட்டு ஒன்றில் சிவப்பு பீன்ஸ், வெள்ளைச் சோறு, அரைத்த மாட்டிறைச்சி அல்லது சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, பன்றித் தோலைக் கொழுப்போடு பொரித்த சிச்சரோன், சோரிஸோ என்ற பன்றிச் சாசேஜ், பொரித்த முட்டை, பழுத்த வாழையைப் பொரித்த துண்டுகள், அவகாடோ, அரேப்பா என்ற சோளமாவு ரொட்டி சின்னதாக ஒன்று. சில கடைகளில் பன்றி ரத்தத்தில் செய்த மோர்சீயாவும் சேரும். மலையேறி இறங்கி உடம்பு வளைத்து வேலை செய்கிறவருக்குப் பொருந்துகிற அளவு. மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாம் ஆளுக்கொரு தட்டு வாங்கினால் பாதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஆறிப்போன சிச்சரோன் மறுநாள் வாயில் வைக்க ஆகாது.

அளவைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தட்டில் இருப்பதில் பாதிக்கு மேல் எண்ணெயில் பொரித்த சமாசாரம். பொரித்த முட்டையும் சோரிஸோவும் நல்ல கடையிலும் சுமாரான கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கைப்பக்குவம் தெரிவது பீன்ஸில். அதை முந்தின நாளே ஊறவைத்து, பன்றிக்கால் போட்டு, வாழைக்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து வேகவைப்பார்கள். வாழைக்காய் கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும். கடைசியில் ஓகாவ் சேரும். தக்காளியையும் வெங்காயத்தாளையும் எண்ணெயில் சீரகத்தூளோடு சுருள வதக்கிய நம்ம தொக்கு மாதிரியான ஒன்றுதான் ஓகாவ். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பீன்ஸ் அந்தத் தட்டில் கறிகளுக்கு நடுவே ஒரு மூலையில் கிடக்கும். அதை ருசிப்பதற்குள் வயிறு நிறைந்துவிடும். ஆகவே பந்தேஹா வேண்டுமென்றால் இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள். கூடுதல் தட்டு கேட்டால் கொடுப்பார்கள், பகிர்ந்து சாப்பிடுவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்களுக்கு இது கிட்டத்தட்ட உதவாது. பீன்ஸிலேயே பன்றி இருக்கிறது, மற்றதையெல்லாம் தள்ளிவைத்தால் மிஞ்சுவது சோறும் முட்டையும் வாழைப்பழமும்தான்.

சூப்புக்கு வருவோம். சூப் என்றவுடன் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் என்று நினைக்க வேண்டாம். கொலம்பியாவில் சூப்பே சாப்பாடு, பக்கத்தில் சோறும் வரும். மூன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று அஹியாக்கோ. பொகோட்டா ஊர்ச் சமையல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2600 மீட்டர் உயரத்தில், குளிரிலும் தூறலிலும் வாழ்கிற ஊருக்கு ஏற்ற கெட்டிச் சூப். மூன்று வகை உருளைக்கிழங்கு போடுவார்கள். அதில் க்ரியோயா என்கிற சின்ன மஞ்சள் கிழங்கு முழுக்கக் கரைந்து சூப்புக்கு நிறமும் கனமும் கொடுக்கும். மற்ற இரண்டில் ஒன்று அரைகுறையாகக் குழையும், இன்னொன்று துண்டாகவே நிற்கும். கோழியை வேகவைத்து இழை இழையாகப் பிய்த்துப் போட்டிருப்பார்கள், முழுச் சோளத் துண்டு ஒன்று நடுவில் நிற்கும். வாசனைக்குக் குவாஸ்காஸ் என்ற மூலிகை. நீலகிரிக் காய்கறித் தோட்டங்களில் களை என்று பிடுங்கிப் போடுகிற செடிதான் அது. இங்கே பெரும்பாலும் காய்ந்த இலையாக வந்து சேர்கிறது. அது இல்லாவிட்டால் அஹியாக்கோ வெறும் உருளைக்கிழங்கு கோழிச் சூப், அவ்வளவுதான். கிண்ணத்தோடு தனித்தனியாகக் க்ரீம், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகள், அவகாடோ, சோறு வரும். க்ரீமை மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். முதலில் அப்படியே இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கேப்பரை ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்பும் உப்பும் சேரும்போதுதான் சூப் முழுமையாகிறது. அவகாடோவைக் கரண்டியால் வழித்துச் சூப்பில் முக்கிச் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது சான்கோச்சோ. இது கொலம்பியா முழுவதற்கும் பொது, ஊருக்கு ஊர் மாறும். காலி என்ற நகரத்துப் பக்கம் நாட்டுக்கோழி, கடற்கரையில் மீன், சில இடங்களில் கோழி, மாடு, பன்றி மூன்றும் சேர்ந்தே வரும். எல்லாவற்றிலும் மாறாதது மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்தது, வாழை நம் பக்கத்திலிருந்து அங்கே போனது. இரண்டும் ஒரே கிண்ணத்தில் வெந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய், மூன்று கல் கூட்டி விறகடுப்பில் பெரிய பானையை ஏற்றி இதைச் சமைப்பது அவர்களுடைய வழக்கம். கடையில் அந்த விறகு வாசனை கிடைக்காதுதான். ஆனால் நீர்த்தும் இல்லாமல் கெட்டியாகவும் இல்லாமல், கொத்தமல்லி மணக்க வருகிற நல்ல சான்கோச்சோ, காய்ச்சல் விட்ட வாய்க்குக்கூடப் பிடிக்கும்.

மூன்றாவது மொந்தோங்கோ, மாட்டுக்குடல் சூப். குடல் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலான கடைகளில் வார இறுதியில் மட்டும் போடுவார்கள்.

சூப்பை நான் இவ்வளவு தூக்கிப் பேசக் காரணம் இருக்கிறது. அதை ஆர்டர் வந்தபிறகு செய்ய முடியாது. காலையிலேயே பானை ஏறியிருக்க வேண்டும், யாரோ பக்கத்தில் நின்று பதம் பார்த்திருக்க வேண்டும். உறைந்த பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் போட்டுச் சமாளிக்க முடியாது. எந்தக் கடையிலும் சமையல் எப்படி என்று ஒரே கிண்ணத்தில் தெரிந்துவிடும். பந்தேஹாவை விட விலையும் குறைவாகவே இருக்கும்.

இப்போது நான் முதலில் சொன்ன அன்றைய மத்தியானச் சாப்பாடு. மெனு தெல் தீயா என்பார்கள். கொலம்பியாவில் இதற்குக் கொரியெந்தாஸோ என்றும் பெயர் உண்டு. பொகோட்டாவில் அலுவலகம் போகிறவர், கட்டட வேலைக்காரர், மாணவர் எல்லாரும் மதியம் சாப்பிடுவது இதைத்தான். முதலில் ஒரு சின்னச் சூப்: பருப்போ, பார்லியோ, வாழைக்காயோ, அன்றைக்கு எது கொதித்ததோ அது. பிறகு தட்டு: சோறு, பீன்ஸ் அல்லது மசூர்ப் பருப்பு, ஒரு கறி, கொஞ்சம் சாலட், பொரித்த வாழை. கூடவே ஒரு தம்ளர் பழச்சாறு. ரூஸ்வெல்ட் அவென்யூவிலும் 37வது அவென்யூவிலும் பல கடைகள் வேலை நாள்களில் இதைத் தருகின்றன. சில இடங்களில் அச்சடித்த மெனுவில் இருக்காது, வாசலில் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அல்லது கேட்டால் வாயால் சொல்வார்கள். நாலைந்து கறிகளில் ஒன்றை நாமே தேர்ந்துகொள்ளலாம். கோழி நிச்சயம் இருக்கும், ஆகவே மாடும் பன்றியும் வேண்டாதவர்களுக்கும் வழி உண்டு. பீன்ஸுக்குப் பதில் பருப்பைக் கேட்டு, அதில் சோரிஸோ போட்டிருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவருக்கு இதையே சொல்வேன் என்பதற்கு விலை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. சூப்பும் கிடைக்கிறது, சோறும் பீன்ஸும் கிடைக்கிறது, சாறும் கிடைக்கிறது, எல்லாம் ஒரு மனிதன் சாப்பிடும் அளவில். அங்கே தினமும் வருகிறவர்கள் சாப்பிடுவதையே நாமும் சாப்பிடுகிறோம். தினம் வருகிறவருக்கு மோசமானதைப் போட்டால் நாளைக்கு வரமாட்டார், ஆகவே கடைக்காரரின் கவனம் அதில் இருக்கும். குறை ஒன்று உண்டு: பிந்திப் போகக்கூடாது. இரண்டு மணிக்கு மேல் நல்ல கறி தீர்ந்திருக்கும், சோறு காய்ந்திருக்கும். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட்டால் நல்லது.

மீன் பிரியர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக மொஹாரா ஃப்ரீத்தா சொல்லலாம், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். முழு மீன், இங்கே பெரும்பாலும் திலேப்பியா, இரண்டு பக்கமும் கீறி உப்பும் எலுமிச்சையும் பூசி மொறுமொறுவென்று பொரித்துத் தலையோடு வைப்பார்கள். கரிபியன் கடற்கரை ஊர்களான கார்த்தஹேனா, பாரன்கீயா பக்கத்துச் சாப்பாடு இது. கூட வருவது பத்தகோன்: வாழைக்காயைத் தடித்த துண்டுகளாக நறுக்கி ஒருமுறை பொரித்து, எடுத்துத் தட்டையாக அழுத்தி, மறுபடி பொரித்தது. விளிம்பு முறுகலாக, நடுவில் மாவாக இருந்தால் சரியான பதம். ஆறினால் கட்டையாகிவிடும், ஆகவே அதை முதலில் சாப்பிடுங்கள்.

மீனோடு தேங்காய்ச் சோறு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அதை நம்மைப் போலத் தேங்காயைத் துருவித் தாளித்துச் செய்வதில்லை. தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிரிந்து, அடியில் கசடு பழுப்பு நிறத்துக்கு வறுபடும். அதற்குத் தித்தோத்தே என்று பெயர். அந்த வறுபட்ட கசட்டில் அரிசியைப் போட்டு, வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து வேகவைப்பார்கள், சிலர் உலர்திராட்சையும் போடுவார்கள். பழுப்பு நிறத்தில், லேசான இனிப்போடு வரும். உப்பும் எலுமிச்சையும் ஏறிய மீனோடு சேர்த்து வாயில் போட்டால் அந்த இனிப்பு எதற்கு என்று புரியும். எல்லாக் கடையிலும் இது இருக்காது. அந்தியோகியாக்காரர் நடத்தும் கடையில் வெள்ளைச் சோறுதான் வரும். நெருப்பில் நேரம் பிடிக்கிற வேலை என்பதால், பழுப்புத் தேங்காய்ச் சோறு செய்கிற கடை மீனையும் ஒழுங்காகச் செய்யும் என்று நம்பலாம். எலும்பு பார்த்துச் சாப்பிடத் தெரிந்த நமக்கு இந்த மீன் சிரமமில்லை, கையாலேயே சாப்பிடலாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சுட்ட கோழி. முழுக்கோழி, பாதிக்கோழி என்று கேட்கலாம், உருளைக்கிழங்கும் அரேப்பாவும் வரும், காரம் கிடையாது, சண்டையில்லாமல் முடியும். பத்துப் பேர் கூட்டமாகப் போனால் பிக்காதா என்ற பொரித்த கறிக் கலவைத் தட்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கால்பந்து பார்த்துக்கொண்டே கொறிக்க நன்றாக இருக்கும்.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடைகளில் உங்களுக்கு முழுச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். சூப் எல்லாமே எலும்புச் சாறு. பீன்ஸில் பன்றி. சோற்றில்கூடச் சில இடங்களில் கோழிச்சாறு சேரும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். மாடு, பன்றி, கோழி, மீன் என்று ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 'லோஸ் ஃப்ரிஹோலெஸ் தியெனென் செர்தோ?' என்று கேட்டால் பீன்ஸில் பன்றி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை, அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துச் சாயங்காலம் போகலாம். அப்போது அவர்களுக்கும் பொருந்துகிற பண்டங்கள் உண்டு. இளஞ்சோளத்தை அரைத்துச் சுடுகிற அரேப்பா தே சோக்லோ, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டி, லேசான இனிப்பு, தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். இந்தத் தெருவில் இரவு நேரத்தில் தள்ளுவண்டியில் அரேப்பா சுட்டு விற்று, 'அரேப்பா லேடி' என்று நகரம் முழுக்கப் பெயர் வாங்கியவர் மரியா பியேதாத் கானோ. கொலம்பியாவில் நீதிபதியாக இருந்தவர் அவர். அரேப்பாவுக்கு அப்படி ஒரு மரியாதை இங்கே உண்டு. இன்னொன்று, பழுத்த வாழையைச் சுட்டுப் பிளந்து, நடுவில் பாலாடைக்கட்டியும் கொய்யாப்பழ அல்வாத் துண்டும் வைத்துத் தருவது. பத்தகோனும் ஓகாவும் சேர்த்தும் கேட்கலாம், ஆனால் பொரிக்கிற எண்ணெய் பொதுவாக எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பக்கத்துக் கொலம்பிய பேக்கரிகளில் பான்தேபோனோ கிடைக்கும். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்டது. சுடச்சுட வாங்கினால் மட்டுமே நன்றாக இருக்கும். இதில் முட்டை சேர்ப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் சொன்னாலும் காரம் குறைவு என்ற புகார் நம்மவர்களிடம் வரும். மேசையில் அஹி என்ற பச்சைச் சாறு இருக்கும்: கொத்தமல்லி, வெங்காயத்தாள், மிளகாய், எலுமிச்சை அல்லது வினிகர். இல்லாவிட்டால் கேளுங்கள், கொண்டுவருவார்கள். எம்பனாதாவைக் கடித்த இடத்தில் ஒரு கரண்டி ஊற்றி அடுத்த கடி, அப்படித்தான் சாப்பிடுவது. அஹியாக்கோவில் மட்டும் ஊற்றாதீர்கள், குவாஸ்காஸ் மணம் காணாமல் போய்விடும்.

குடிக்க, பாட்டில் சோடாவை விட்டுவிட்டுப் பழச்சாறு சொல்லுங்கள். தண்ணீரிலா பாலிலா என்று கேட்பார்கள். லூலோ புளிப்பான பழம், அது தண்ணீரில்தான். மராகூயா என்ற பேஷன் ஃப்ரூட் எப்படியும் நன்றாக இருக்கும். நம்ம முள்சீத்தாப்பழமான குவானாபனாவைக் கட்டாயம் பாலில் கேளுங்கள். சர்க்கரை தாராளமாக விழும், குறைவாகப் போடச் சொல்வதென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.